செரென் கோமெர் ஏன் நின்றது? ஆரம்பகால வெல்ஷ் செய்தித்தாள்கள்: கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி, 4.2.2024

பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷின் முதல் செய்தித்தாள் செரென் கோமெர், 1814-இல் அங்குள்ள ஸ்வான்சீயில் தொடங்கி அடுத்த வருஷமே நின்றுபோனது என்று படித்தேன். அந்த மொழியில் படிக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்கிறது கட்டுரை. அப்படியானால் ஐம்பது வருஷத்துக்குள் அதே மொழியில் வாரம் இரண்டு முறை வந்த பத்திரிகை எப்படி ஓடியது? 1735-லேயே ஒன்று வந்தது என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. எது முதல்?

4.2.2024, இரவு

படிக்க ஆள் இல்லை என்பது தப்பு. கிரிஃபித் ஜோன்ஸ் என்ற பாதிரியார் 1731 முதல் நடத்திய சுற்றுப் பள்ளிகள் ஊர் ஊராகப் போய், பெரும்பாலும் வயல் வேலை குறைந்த மாதங்களில், மக்களுக்கு வெல்ஷ் பைபிளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தன. 1761-இல் அவர் இறக்கும்போது அப்படி 3,000-க்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்திருந்தன. அதன்பின் தாமஸ் சார்ல்ஸ் பரப்பிய ஞாயிறு பள்ளிகள். அவற்றில் பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்கார்ந்து படித்தார்கள். 1814-இல் வேல்ஸில் வெல்ஷ் படிக்கத் தெரிந்தவர்கள் தாராளமாக இருந்தார்கள். பத்திரிகை வாங்கும் காசுதான் அவர்களிடம் இல்லை. அந்தக் காசிலும் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்குப் போனது.

கணக்கைப் பாருங்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அக்கால வாரப் பத்திரிகை ஒரே பெரிய தாள், மடித்தால் நான்கு பக்கம். விலை 6, 6½, 7 பென்ஸ் என்று இருக்கும். தாள் ஒன்றுக்கு முத்திரை வரி 4 பென்ஸ். ஆயிரம் பிரதி அடித்தால் 4,000 பென்ஸ், அதாவது 16 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ், வரியாக மட்டும், வாரா வாரம். மிச்சமுள்ள இரண்டரை மூன்று பென்ஸில் காகிதம், மை, கூலி, முகவர் கழிவு எல்லாம் அடங்க வேண்டும்.

1735 பற்றித் தனியாக எழுதுகிறேன்.

5.2.2024

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை, திருத்திக்கொள்ளுங்கள். 4 பென்ஸ் என்பது 1815-இல் உயர்த்திய வரி. 1797 முதல் அதுவரை 3½ பென்ஸ். செரென் கோமெரின் முதல் இதழ் 1814 ஜனவரி 1. ஆக அதன் வாழ்நாளில் பெரும்பகுதி 3½ பென்ஸ்தான். ஆயிரம் பிரதிக்கு 14 பவுண்டு 11 ஷில்லிங் 8 பென்ஸ் வரும். ஏற்கெனவே தள்ளாடிய பத்திரிகைக்கு அரைப் பென்னி உயர்வு ஆயிரத்துக்கு இன்னும் 2 பவுண்டுக்கு மேல் சுமை. 85 இதழோடு 1815-இல் நின்றது.

வரி ஏறிய படிகளையும் எழுதிவிடுகிறேன். 1712-இல் அரைத் தாளுக்கு அரைப் பென்னி, முழுத் தாளுக்கு ஒரு பென்னி என்று தொடங்கியது. 1776-இல் 1½, 1789-இல் 2, 1797-இல் 3½, 1815-இல் 4. போர்ச் செலவுக்குப் பணம் தேடுவதோடு, ஏழை கையில் பத்திரிகை போகாமல் இருப்பதும் இதன் நோக்கமாக இருந்தது. பிறகு 1836-இல் ஒரே அடியாக 1 பென்னிக்கு இறங்கி, 1855-இல் எடுபட்டது. இந்த நான்கு வருஷங்களை, 1815, 1819, 1836, 1855, மனதில் வைத்துக்கொண்டால் வெல்ஷ் பத்திரிகை வரலாற்றில் பாதி தானாகவே விளங்கும். 1819 எதற்கு என்று பின்னால் வருகிறது.

5.2.2024, மாலை

விளம்பரத்தை விட்டுவிட்டேன். அதுதான் உண்மையில் பெரிய அடி. ஒரு விளம்பரத்துக்கு 3 ஷில்லிங் வரி, 1815-இல் அது 3½ ஷில்லிங் ஆனது. இரண்டு வரி விளம்பரமானாலும் அதே வரிதான், பக்கம் நிறைய போட்டாலும் அதே வரிதான். ஊர்க் கடைக்காரரின் சின்ன விளம்பரத்தை இது கொன்றது. பெரிய விளம்பரம் தருகிறவர் யார்? நிலத்தை ஏலம் விடும் வழக்கறிஞர், கப்பல் முதலாளி, எஸ்டேட் மேலாளர். அவர்களுடைய ஆங்கில விளம்பரம் ஏற்கெனவே அதே ஊரின் ஆங்கில வார இதழான தி கேம்ப்ரியனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது 1804-இல் ஸ்வான்சீயில் தொடங்கியது. வேல்ஸில் அச்சான முதல் செய்தித்தாளே அதுதான். வடக்கே பாங்கரில் 1808-இல் ஒன்று, கார்மார்தனில் 1810-இல் ஒன்று, எல்லாம் ஆங்கிலம். நிலம் வாங்கும் ஆள் ஆங்கிலம் படிப்பவர் என்று விளம்பரதாரர் நினைத்தார். வாசகர் இருந்தும் விளம்பரம் இல்லாத பத்திரிகை ஆயிற்று செரென் கோமெர்.

கேள்வி, 6.2.2024

முத்திரை என்றால் தபால்தலை மாதிரி ஒட்டுவதா? அச்சடித்த பிறகா முன்பா?

6.2.2024

ஒட்டுவதில்லை. வெற்றுத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் குத்திய முத்திரை. அச்சடிப்பதற்கு முன்பே குத்தியிருக்க வேண்டும். காகிதம் லண்டன் முத்திரை அலுவலகத்தில் கட்டுக் கட்டாக முத்திரை வாங்கி, அங்கிருந்து கோச் வண்டியிலோ கப்பலிலோ ஸ்வான்சீக்கு வர வேண்டும். தூரம் சுமார் 200 மைல்.

இதில் மூன்று தொல்லை. வரி முழுவதும் முன்பணம். சந்தாப் பணமோ மாதக்கணக்கில் பின்னால் வரும், சில நேரம் வராமலும் போகும். இரண்டாவது, எத்தனை பிரதி விற்கும் என்று பல வாரத்துக்கு முன்பே ஊகித்து வாங்கி வைக்க வேண்டும். நெப்போலியன் 1814 ஏப்ரலில் பதவி இழந்தபோதும் 1815 ஜூனில் வாட்டர்லூவில் தோற்றபோதும் திடீரென்று பிரதி அதிகம் கேட்டால், முத்திரைத் தாள் கையிருப்பு இருந்தால்தான் அடிக்க முடியும். இரண்டு செய்தியும் செரென் கோமெரின் ஆயுளுக்குள் வந்தவை. மூன்றாவது, அச்சில் கெட்டுப்போகும் தாளோடு அதற்குக் கட்டிய வரியும் முடங்கும்.

ஒரே ஒரு நன்மை உண்டு. முத்திரை உள்ள பத்திரிகைக்குத் தபால் இலவசம். ஒருவர் படித்துவிட்டு வேறு ஊரில் உள்ளவருக்கு மறுபடி தபாலில் போடலாம், அதற்கும் காசு இல்லை. அதனால் விற்ற பிரதியை வைத்து வாசகர் எண்ணிக்கையைக் கணக்கிடவே கூடாது. ஒரு பிரதி பல கை மாறியது, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்தும் காட்டப்பட்டது.

8.2.2024

1735-க்கு வருகிறேன். ஆங்கில்சீ தீவைச் சேர்ந்த லூயிஸ் மோரிஸ் ஹோலிஹெட்டில் தானே ஓர் அச்சு இயந்திரம் வைத்து ட்லஸை அர் ஹேன் ஓய்சோய்த் என்று ஒன்று அடித்தார். பொருள், பழங்காலத்து அணிகலன்கள். ஒரே இதழ். பழைய இலக்கியத்தை மக்களுக்குக் காட்டுவதற்காக வந்த தொகுப்பு, செய்தித்தாள் அல்ல. முதல் வெல்ஷ் பருவ இதழ் என்று சொல்லலாம், அதுவும் இரண்டாவது இதழ் வந்திருந்தால் இன்னும் தெம்பாகச் சொல்லலாம்.

வேல்ஸுக்குள் சட்டப்படி அச்சகமே 1718-இல்தான் வந்தது, ஐசக் கார்ட்டர், டைவி ஆற்றங்கரையில் ட்ரெவ்ஹெடின் என்ற சிற்றூர். 1695 வரை லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், யார்க் தவிர வேறெங்கும் அச்சடிக்க அனுமதியில்லை. அந்த உரிமச் சட்டம் காலாவதியான பிறகே எல்லையோர ஷ்ரூஸ்பரியிலும் பிறகு வேல்ஸிலும் வெல்ஷ் அச்சு வேரூன்றியது.

1770-இல் கார்மார்தனில் ஜோசையா ரீஸ் ஆசிரியராக இருக்க, ஜான் ராஸ் அச்சடித்த இருவார இதழ் ட்ரசோர்வா குய்போடாய்த். விலை 3 பென்ஸ். 15 இதழ் வந்தது. 1793-இல் மோர்கன் ஜான் ரீஸின் கில்க்-கிரௌன், பிரெஞ்சுப் புரட்சிக்கும் அடிமை ஒழிப்புக்கும் ஆதரவாக எழுதியது. 5 இதழ். மனிதர் 1794-இல் அமெரிக்காவுக்கே போய்விட்டார். 1796-இல் ஹோலிவெல்லில் அ கைர்கிரௌன், 9 இதழ். இவற்றில் அரசியல் இருந்தது, கருத்து இருந்தது. ஆனால் வாரந்தோறும் உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்தி, சந்தை விலை, கடிதம் என்று செய்தித்தாளுக்குரிய உருவத்தில் வந்தது செரென் கோமெர்தான். அதனால் முதல் வெல்ஷ் செய்தித்தாள் 1814. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

9.2.2024

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செரென் என்றால் நட்சத்திரம். கோமெர் பைபிளில் நோவாவின் பேரன், யாப்பேத்தின் மகன். வெல்ஷ் மக்கள் அவன் வழி வந்தவர்கள் என்று அன்று பலர் நம்பினார்கள். ஆசிரியர் ஜோசப் ஹாரிஸ் ஸ்வான்சீயில் பாப்டிஸ்ட் போதகர். அவரது புனைபெயரும் கோமெர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை, தானே கற்றவர்.

11.2.2024

அச்சகத்துக்குள் போவோம். இது பேசப்படாத விஷயம், எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது.

எழுத்து வார்ப்புக்காரர் ஈய எழுத்தை ஆங்கிலத் தேவைக்கு ஏற்ற விகிதத்தில் விற்பார். அக்கால ஆங்கில விகிதப் பட்டியல் இப்படி: இ 12,000, டீ (ஆங்கில t; கீழே டி என்பது d) 9,000, ஏ 8,500 என்று வந்தால் டபிள்யூ 2,000, ஒய் 2,000. கே 800, வி 1,200, க்யூ 500, எக்ஸ் 400, இசட் 200. வெல்ஷில் டபிள்யூவும் ஒய்யும் உயிரெழுத்துகள், வரிக்கு வரி வரும். கே, வி, க்யூ, எக்ஸ், இசட் ஐந்தும் வெல்ஷ் நெடுங்கணக்கிலேயே இல்லை. அதாவது காசு கொடுத்து வாங்கிய 3,100 எழுத்து, ஆங்கிலப் பெயர் வந்தாலொழிய, பெட்டியில் சும்மா கிடக்கும். வேண்டிய எழுத்தோ பாதிப் பக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெற்றி என்பதற்கு வெல்ஷ் சொல் லுய்த்யன்ட். எழுத்துக் கோர்ப்பவரான கம்பாசிட்டர் தன் கைச்சட்டமான ஸ்டிக்கில் வரிசையாக வைக்க வேண்டியவை: எல், எல், டபிள்யூ, ஒய், டி, டி, ஐ, ஏ, என், டீ. பத்து ஈயத் துண்டு. வெல்ஷ்காரர் கணக்கில் எட்டே எழுத்து, ஏனென்றால் இரட்டை எல் ஓர் எழுத்து, இரட்டை டி ஓர் எழுத்து. இந்தச் சொல் ஒரு பத்தியில் நான்கு முறை வந்தால் எல் எட்டு, டி எட்டு போய்விட்டது. எழுத்துப் பெட்டியில் அந்த அறைகள்தான் முதலில் காலியாகும்.

தீர்ந்தால் என்ன செய்வது? ஒன்று, கூடுதல் டபிள்யூ, ஒய், எல், டி மட்டும் தனியாக எடைக்கு வாங்கி வைப்பது. இரண்டு, நான்கு பக்கத்தையும் ஒன்றாகக் கோர்க்காமல், ஒரு ஃபாரத்தை, அதாவது தாளின் ஒரு புறத்தில் ஒன்றாக அச்சாகும் பக்கங்களை, அடித்து, எழுத்தைக் கலைத்துக் கழுவிப் பெட்டியில் போட்டு, அடுத்ததைக் கோர்ப்பது. இரண்டாவது வழியில் காசு மிச்சம், நேரம் போகும். கடைசி நேரத்தில் வந்த செய்தி உள்பக்கத்தில் சேராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம், ஏனென்றால் அந்தப் பக்கம் ஏற்கெனவே அடித்துக் கலைக்கப்பட்டிருக்கும்.

வேகம்: கை இயந்திரத்தில் இரண்டு பேர், ஒருவர் மை தடவ, ஒருவர் பிடியை இழுக்க, மணிக்கு 200 முதல் 250 தாள், ஒரு பக்கம் மட்டும். ஆயிரம் பிரதிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு முதல் பத்து மணி நேரம். காகிதத்தை முந்தின நாளே நனைத்து, அழுத்தி வைத்திருக்க வேண்டும். காய்ந்த தாள் மையைச் சீராக வாங்காது, எழுத்து பொரிப்பொரியாக விழும். அதிகம் நனைந்தால் மை ஊறிப் பரவும். அடித்த பிறகு கொடியில் உலர்த்தி, மடித்து, தபால் வண்டி கிளம்புமுன் கட்ட வேண்டும்.

12.2.2024

மேலே சொன்ன எழுத்துத் தட்டுப்பாடு வெல்ஷ் எழுத்துமுறையையே மாற்றியிருக்கிறது. 1567-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வில்லியம் சால்ஸ்பரி, பழைய ஏடுகளில் தாராளமாக இருந்த கே-யை விட்டு சி-யைப் பயன்படுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு, வெல்ஷுக்கு வேண்டிய அளவு கே லண்டன் அச்சகத்தாரிடம் இல்லை என்று காரணம் சொன்னார். இன்றுவரை வெல்ஷில் கே கிடையாது.

டபிள்யூவின் மேலும் ஒய்யின் மேலும், நெடிலைக் காட்டும் கூரைக்குறி (^) வரும் எழுத்துகள் சாதாரண ஆங்கில எழுத்துத் தொகுதியில் இருக்காது. ஏ, இ, ஓ போன்றவற்றுக்குக் கூரைக்குறி பிரெஞ்சுக்காக வார்த்தது கிடைக்கும். அதனால் பழைய பக்கத்தில் குறி இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஆசிரியரின் இலக்கணமாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியில் இருந்ததை வைத்திருக்கலாம்.

கூடவே எழுத்துமுறைச் சண்டை. அகராதிக்காரர் வில்லியம் ஓவன் பியூ இரட்டை டி-க்குப் பதில் இசட், எஃப்-க்குப் பதில் வி என்று புது முறை கொண்டுவந்தார். சும்மா கிடந்த இசட்டுக்கும் வி-க்கும் வேலை கிடைத்திருக்கும்! மக்கள் ஏற்கவில்லை. பைபிளில் படித்துப் பழகிய கண் அது. செரென் கோமெரின் கடிதப் பகுதியில் எழுத்துமுறை வாதம் மும்முரமாக நடந்தது. நாடு முழுவதும் உள்ள வெல்ஷ்காரர்கள் ஒருவரோடொருவர் வாதாட ஒரு பொது இடம் அதற்கு முன் இருந்ததில்லை.

15.2.2024

1819-க்கு வருகிறேன். மான்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுக் கூடியவர்கள் மீது படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலைக்குப் பிறகு கொண்டுவந்த ஆறு சட்டங்களில் ஒன்று பத்திரிகைச் சட்டம். செய்தியோ, செய்தி பற்றிய கருத்தோ உள்ள இதழ் 6 பென்ஸுக்குக் குறைந்த விலையில், 26 நாளுக்குள் அடுத்தடுத்து வந்தால் அது செய்தித்தாள், முத்திரை வரி கட்டு. வெளியிடுவோர் ஜாமீன் பத்திரமும் கொடுக்க வேண்டும், லண்டனில் 300 பவுண்டு, வெளியூரில் 200. மாத இதழ் தப்பலாம், ஆனால் மாதத்தின் முதல் தேதியில் அல்லது அதற்கு முன்பின் இரண்டு நாளுக்குள் வெளியிட்டாக வேண்டும். பக்தி, அறம், தர்மம் மட்டும் பேசும் வெளியீடுகளுக்கு விலக்கு உண்டு.

இப்போது வெல்ஷ் பக்கம் பாருங்கள். ஹாரிஸ் 1818-இல் செரென் கோமெரைக் கார்மார்தனில் இருவார இதழாக மறுபடி தொடங்கினார். 1820-இல் அது மாத இதழ் ஆனது. 1819 சட்டமும் 1820 மாற்றமும் இப்படி ஒட்டி நிற்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே காலத்தில் ஒவ்வொரு கிறிஸ்தவ சபைக்கும் ஒரு மாத இதழ்: வெஸ்லியருக்கு 1809 முதல் ஐர்கிரௌன், சுயேச்சை சபையாருக்கு 1821-இல் டஸ்கெடித், கால்வினிய மெதடிஸ்டுகளுக்கு 1831-இல் ட்ரசோர்வா, 1835-இல் லனெத்லியில் டேவிட் ரீஸின் டியூகியூர், அதை எதிர்த்து ஆங்கிலிக்கன் பக்கம் ஹைல். வெல்ஷ் மக்கள் இயல்பிலேயே பக்திப் பத்திரிகை விரும்பிகள் என்று எழுதுகிறவர்கள் இந்த 26 நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். வாரப் பத்திரிகைக்கு வழி அடைத்திருந்தபோது, மாத இதழுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது.

15.2.2024, இரவு

மறுபடி யோசித்தால், மேலே வரியை மட்டும் சொன்னது முழுமையில்லை. சபையின் விநியோக வசதியும் அதே அளவு முக்கியம். போதகரே ஆசிரியர், சபை மூப்பரே முகவர், ஞாயிறு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பிரதி கை மாறும். கடை வாடகை இல்லை, தபால் இல்லை. வாங்குபவர் யார் என்று தெரிந்திருப்பதால் பாக்கியும் குறைவு. வரி ஒழிந்த பிறகும் இந்த இதழ்கள் சாகாமல் 20-ஆம் நூற்றாண்டுக்குள் வந்ததற்கு இதுதான் காரணம். செரென் கோமெரே பின்னால் பாப்டிஸ்ட் இதழாக நெடுங்காலம் வாழ்ந்தது.

19.2.2024

1836-இல் முத்திரை 1 பென்னிக்கு இறங்கியது. ஆயிரம் பிரதிக்கு 4 பவுண்டு 3 ஷில்லிங் 4 பென்ஸ். 16 பவுண்டு கட்டிய இடத்தில் நாலு பவுண்டு. ஆனால் மறுநாளே வாரப் பத்திரிகைகள் முளைத்துவிடவில்லை. மோல்டில் ராஜர் எட்வர்ட்ஸ் நடத்திய கிரோனிகல் அர் ஓய்ஸ் 1839-உடன் நின்றது, அரசியலை வெளிப்படையாகப் பேசிய முதல் வெல்ஷ் பத்திரிகைகளில் ஒன்று அது. மெர்த்தரில், தொழிலாளருக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தாரான மோர்கன் வில்லியம்ஸும் டேவிட் ஜானும் 1840 முதல் 1842 வரை இட்கோர்ன் கம்ரி, அதாவது வேல்ஸின் எக்காளம், நடத்தினார்கள். இரும்பாலைத் தொழிலாளர் ஊர் அது.

நிலைத்து நின்ற முதல் பத்திரிகை வேல்ஸில் பிறக்கவில்லை, லிவர்பூலில் பிறந்தது. 1843 ஆகஸ்டில் வில்லியம் ரீஸ் (கவிப்பெயர் குய்லிம் ஹிராய்தோக்) தொடங்கிய அர் அம்செரை, காலங்கள் என்று பொருள். ஏன் லிவர்பூல்? பிழைப்புக்குப் போன வெல்ஷ்காரர் அங்கே ஏராளம், துறைமுகச் செய்தி முதலில் வந்து இறங்கும் ஊர், வடவேல்ஸின் வியாபாரமே அதை நம்பி இருந்தது. முதலில் இருவாரம் ஒருமுறை, பிறகு வாரந்தோறும்.

1848-இல் இதை ஐல் ஆஃப் மேன் தீவுக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச காலம் அச்சடித்தார்கள். பிரிட்டன் முத்திரை வரி அந்தத் தீவில் செல்லாது. ஆனால் அங்கிருந்து வரும் பத்திரிகைக்குத் தபால் சலுகை இருந்தது. அந்த ஓட்டையைச் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். பத்திரிகை நடத்துபவர் ஒரு பென்னிக்காகக் கடல் தாண்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி, 20.2.2024

அம்செரை முதலில் நஷ்டத்தில் ஓடியதாகவும், ஒரு கிழவரின் கடிதங்கள் காப்பாற்றியதாகவும் எங்கோ பார்த்தேன்.

20.2.2024

ஆமாம். 1846 முதல் ஹேன் ஃபார்முர், வயதான விவசாயி, என்ற பெயரில் கடிதங்கள் வந்தன. எழுதியது ரீஸே. பைபிள் நடையில் எழுதவில்லை. அவர் பிறந்த லன்சானன் பக்கத்து மலைப்பேச்சில், சந்தையில் நின்று பேசுகிற மாதிரி, தானிய வரி, குத்தகை, பள்ளிக்கூடம், ஐரோப்பியப் புரட்சி எல்லாவற்றையும் பேசினார். 1847-இல் வெல்ஷ் மக்களையும் மொழியையும் இழிவாக எழுதிய அரசாங்கக் கல்வி அறிக்கை, நீலப் புத்தகங்களின் துரோகம் என்று இன்றும் சொல்லப்படுவது, வெளிவந்து மக்கள் கொதித்துப்போயிருந்த நேரமும் அதுதான். செய்தித்தாளை ஊர் மொழியில் எழுதலாம் என்று காட்டியது அந்தக் கடிதங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சரிவும் பேச்சினால்தான் வந்தது. ரீஸுக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் ராபர்ட்ஸ் (இசைத்துறையில் எயான் குய்த்) கிரிமியப் போரை எதிர்த்து எழுதினார். ஊரெல்லாம் போர் வெறி பிடித்திருந்தது. விற்பனை விழுந்தது. கைர்னார்வனில் 1855-இல் தொடங்கிய அர் ஹெரல்ட் கம்ராய்க் அந்த இடத்தைப் பிடித்தது.

25.2.2024

1853-இல் விளம்பர வரி போயிற்று, 1855-இல் முத்திரை, 1861-இல் காகித வரி. காகித வரி பவுண்டு எடைக்கு 3 பென்ஸாக இருந்து 1836-இல் பாதியானது. 25 பவுண்டு எடையுள்ள ரீம் என்று வைத்தால் பழைய விகிதத்தில் 75 பென்ஸ். 480 தாளில் வகுத்தால் தாளுக்குச் சுமார் ஆறில் ஒரு பென்னி. முத்திரையின் முன் இது சின்னத் தொகை. அதனால் பெரிய திருப்பம் 1855 என்றே சொல்வேன்.

டென்பியில் அச்சகம் வைத்திருந்த தாமஸ் ஜீ 1857 மார்ச்சில் பானெர் கம்ரி, வேல்ஸின் கொடி, தொடங்கினார். 1859 அக்டோபரில் அம்செரையை அதோடு இணைத்து பானெர் ஆக் அம்செரை கம்ரி ஆக்கினார். 1861 முதல் வாரம் இரண்டு. நீங்கள் கேட்ட பத்திரிகை இதுதான்.

ஜீயால் முடிந்ததற்குக் காரணங்கள் கண்கூடு. அச்சகம் சொந்தம், நூல், இதழ் என்று வருஷம் முழுக்க வேலை இருந்ததால் இயந்திரமும் ஆளும் சும்மா இருக்கவில்லை. பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தையே 1854 முதல் 1879 வரை அங்கே அடித்தார்கள். 1858-இல் ரில்லிலிருந்து டென்பிக்கு ரயில் வந்தது, கட்டுகள் கரையோரப் பெரிய லைனில் ஏறி வடவேல்ஸ் முழுக்கப் போயின. முத்திரை இல்லாததால் கட்டாக ரயிலில் அனுப்பி ஊர் முகவரிடம் இறக்குவது லாபம். தபாலில் போகிற பிரதிக்கு மட்டும் முத்திரை, அதுவும் 1870-இல் அரைப் பென்னித் தபாலாக மாறியது.

இன்னொரு காரணம் லண்டன் நிருபர் ஜான் கிரிஃபித். அ கோஹெபித், நிருபர், என்ற பெயரிலேயே நாடறிந்தவர். 1868 தேர்தலில் நிலப்பிரபு சொன்னபடி வாக்களிக்காத குத்தகைதாரர்களைக் கார்டிகன்ஷயர், கார்மார்தன்ஷயர் பகுதிகளில் நிலத்தை விட்டு வெளியேற்றினார்கள். அப்போது வாக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது. அவர் அதை விடாமல் எழுதினார். 1872-இல் ரகசிய வாக்குச் சட்டம் வந்தது.

தெற்கே நிலக்கரிப் பள்ளத்தாக்கில் அபெர்டேர் இன்னொரு மையம். அ குலாட்காருர் 1858 முதல் 1882 வரை, டாரியன் அ குவைத்யுர், தொழிலாளியின் கேடயம், 1875 முதல் 1934 வரை. இவற்றுக்குத் தனியாக எழுதினால்தான் நியாயம் செய்ததாகும்.

2.3.2024

பழைய பக்கங்களை நேரடியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையான செய்தித்தாள்களை, 11 லட்சம் பக்கங்களுக்கு மேல், இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாத இதழ்களுக்குத் தனித் தளம். தேடும்போது விழும் முதல் பள்ளம் சொல்லின் முதல் எழுத்து. நம் புணர்ச்சியில் பெரும்பாலும் சொல் முடிவிலோ நடுவிலோ மாற்றம் நடக்கும், அங்கே வருமொழியின் முதலெழுத்தே மாறும். பாங்கர் ஊரில் என்றால் அம் மாங்கோர், பாங்கருக்கு என்றால் இ வாங்கோர், அங்கே எஃப் எழுதி வ என்று படிப்பார்கள். பி-யில் மட்டும் தேடினால் பாதிக்கு மேல் தவறிப்போகும். சி-யில் தொடங்கும் கைர்னார்வனும், நாட்டின் பெயரான கம்ரியும் இன்னும் மோசம்: சி, ஜி, என்-ஜி-ஹெச், சி-ஹெச் என்று நான்கு முகம். நான்கையும் தனித்தனியாகத் தேடுங்கள், அல்லது முதலெழுத்தை விட்டு நடுப்பகுதிக்கு நட்சத்திரக் குறி போட வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

3.3.2024

இன்னும் இரண்டு. பக்கத்தின் படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் ஓசிஆர், இரட்டை எல்-ஐ 11 என்ற எண்ணாகவும், டபிள்யூவை இரண்டு வி-யாகவும் படிக்கும். ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அந்த எழுத்துகள் இல்லாத பக்கத்துச் சொல்லை வைத்துத் தேடுங்கள். மேற்கோள் காட்டும்போது தேதியை முழுதாக எழுதுங்கள். வாரம், இருவாரம், மாதம் என்று ஒரே பெயர் மாறிய செரென் கோமெரில் வருஷம் மட்டும் சொன்னால் யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி, 10.3.2024

வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் வெளியே?

10.3.2024

அமெரிக்காவில் 1832-இலேயே நியூயார்க்கில் கம்ரோ அமெரிக்கா, பிறகு 1851-இல் அ ட்ரீக், கண்ணாடி. ஆனால் எனக்குப் பிடித்தது படகோனியா. 1865-இல் மிமோசா கப்பலில் சுமார் 150 பேர் அர்ஜென்டினாவின் தென்பகுதிக்குப் போய் இறங்கினார்கள். மூன்றே வருஷத்தில், 1868-இல், ரிச்சர்ட் பெர்வின் அ ப்ரிட் என்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். அச்சு இயந்திரம் இல்லை. கையால் எழுதிய பிரதி வீடு வீடாகப் போய்ப் படிக்கப்பட்டது. லூயிஸ் ஜோன்ஸ் அச்சில் ஐன் ப்ரைன்யாட் கொண்டுவந்தது 1878-இல், அதே மனிதரின் அ ட்ராவோட் 1891-இல். அங்கே லண்டன் முத்திரை கிடையாது, டபிள்யூ தீர்ந்துபோகும் பெட்டியும் முதல் பத்து வருஷம் கிடையாது. பெர்வினுக்கு வேண்டியதெல்லாம் காகிதம், மை, பேனா.